டியூப்லைட் எழுதிய பரீட்சை

அன்று காலை அண்ணன் கேட்டது கால்குலேட்டரைத்தான்.

ஒரு கையில் ரொட்டித் துண்டும் மறு கையில் பூட்ஸுமாகத் தங்கையின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். அவனுடைய கால்குலேட்டர் முந்தின நாள் வேலையிடத்தில் சேற்றில் விழுந்து, ஏழாம் எண் அமுங்கினால் எழும்பாமல் படுத்துக்கொண்டது.

"குடுடீ. சாயந்தரம் தந்துடறேன்."

"ஏழு இல்லாம அளக்கிற மாதிரி ஒரு ரோடு போடச் சொல்லேன்" என்றாள் தங்கை.

"பாரும்மா, டியூப்லைட் இன்னிக்குச் சீக்கிரமே எரிஞ்சிடுச்சு!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"வேலைக்குக் கிளம்புற நேரத்துல அவகிட்ட என்னடா வம்பு?" அம்மா உள்ளிருந்தே அதட்டினாள்.

தங்கை கால்குலேட்டரை உறையோடு நீட்டிவிட்டு, அவன் தொடுவதற்குள் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஒரு கண்டிஷன். திருப்பித் தரும்போது ரேடியனுக்கு மாத்திக் குடுக்கணும். போன தடவை டிகிரியிலயே விட்டுட்ட. விடையெல்லாம் தப்பா வந்து, எனக்குத்தான் மூளை கழண்டுடுச்சுன்னு உட்கார்ந்து அழுதேன்."

"மாத்தித் தரேன் தாயே."

கோணத்தை அளக்க இரண்டு கணக்குகள் உண்டு. அண்ணன் சாலை போடும் நிறுவனத்தில் சர்வேயர், அவனுக்கு டிகிரி. முழு வட்டம் என்றால் முந்நூற்றறுபது. அவள் இயற்பியல் மாணவி, அவளுக்கு ரேடியன். அதே முழு வட்டம் அங்கே ஆறேகாலுக்குக் கொஞ்சம் மேல். கால்குலேட்டர் எந்தக் கணக்கில் நிற்கிறது என்பதைத் திரையின் மேல் ஓரத்தில் எறும்பளவு ஓர் எழுத்து சொல்லும். டிகிரிக்கு D, ரேடியனுக்கு R. பார்க்காமல் தட்டினால் அது ஒன்றும் சொல்லாது. தப்பான விடையையும் சரியான விடையைப் போலவே நிமிர்ந்து நின்று சொல்லும்.

படியிறங்கும்போது கால்குலேட்டரைப் பைக்குள் போட்டான். பத்திரமாக இருக்கிறது என்பதுபோல் பையை ஒருமுறை தட்டிக் காட்டினான். அவ்வளவுதான்.

வீட்டில் அவனுக்குப் பெயர் புலி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்கைப் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். எப்படி வந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். வழி எதுவும் அவனுக்குத் தெரியாது. விடைதான் வந்து நிற்கும். அவளோ, வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகு ஜோக் புரிந்து தனியாகச் சிரிப்பவள். முதலில் கண்ணைச் சிமிட்டும், அப்புறம்தான் எரியும் என்று டியூப்லைட் பட்டத்தை அவளுக்குக் கட்டியவன் அவன்தான்.

புலி இயற்பியல் படிக்கப் போனபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. முதல் வருடம் புத்தகத்தைப் பிரிக்காமலே முதலிடம். இரண்டாம் வருடம் இயக்கவியல் தாள் வந்தது. அதில் ஒரு கணக்கு. அவன் பார்த்தான், விடை வந்து நிற்கவில்லை. மறுநாள் பார்த்தான், அப்போதும் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்கு அப்படி நடந்ததே இல்லை. வராத விடைக்காக என்ன செய்ய வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தேவைப்பட்டதும் இல்லை. கிணற்றில் கயிறு எட்டவில்லை என்றால் கிணறே வற்றிவிட்டது என்று நினைத்தான். அந்த வருடம் முடிவதற்குள் படிப்பை விட்டுவிட்டு சர்வே வேலையில் சேர்ந்தான்.

"புலி பதுங்குது, பாயும் பாருன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். அது படுத்துத் தூங்கிடுச்சு" என்று அம்மா துணி தேய்க்கும் கடையில் உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை ஒரு அழுத்து அதிகமாக அழுத்துவாள்.

அதே படிப்பில் சேரப்போவதாகத் தங்கை சொன்ன நாளில் அந்தப் பெட்டி அப்படியே அந்தரத்தில் நின்றது.

"புலியே திரும்பி வந்த காட்டுக்குள்ள உனக்கு என்னடீ வேலை?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. இயக்கவியல் தாளில் அவள் முதல் முறை தோற்றாள். இரண்டாம் முறையும் தோற்றாள். மூன்றாம் முறையும் தோற்றால் பட்டப்படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், அது விதி. மற்ற எல்லாத் தாள்களையும் முட்டி மோதித் தேறி வந்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சுண்ணாம்புத் தூள் படிந்த மேசை, ஒரு கால் ஆடும் நாற்காலி. பேராசிரியை இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை.

"உனக்குப் புத்தியில்லைன்னு நான் சொல்லலை. ஆனா கணக்கு உனக்குத் தானா வரலை. ஒவ்வொரு வரியையும் இழுத்துக்கிட்டு வர்ற. இந்தப் படிப்பு அதுக்குக் காத்திருக்காது. வேற துறைக்கு மாத்திக்கிறியா? இப்பவும் நேரம் இருக்கு."

"மூணாவது தடவை எழுதறேன் மேடம்."

"தோத்தா எல்லாம் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

வீட்டுக்கு வந்து அதை அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் போட்டுக்கொண்டிருந்த கணக்கைத் தலைகீழாகப் பார்த்தான். ஓரத்தில் பென்சிலால் சின்னப் படம் ஒன்று, பக்கத்தில் ஒரு எண்.

"இது என்ன?"

"உத்தேசம். கணக்குப் போடறதுக்கு முன்னாடி விடை எந்தப் பக்கம் இருக்கும்னு குத்துமதிப்பா எழுதி வச்சுப்பேன். எனக்குத்தான் தானா வராதே. வந்தது சரியான்னு பார்க்க ஏதாவது வேணுமில்ல?"

அவன் அந்தப் பென்சில் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கேட்கக் கூச்சப்பட்டவனைப்போலக் கேட்டான்: "ஒண்ணுமே புரியாம எப்படிடீ இவ்ளோ நேரம் உட்கார முடியுது உனக்கு?"

"எனக்குப் பழக்கம்ணா. பிறந்ததுலேர்ந்து புரியாமதானே உட்கார்ந்திருக்கேன்."

அதற்குச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "எனக்கு அது ஒருநாள்கூட வாய்க்கலையேடீ" என்றான். அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமலே அவள் எதிரில் உட்காருவான். சொல்லித்தரமாட்டான். சொல்லித்தர அவனுக்கு வராது. சும்மா உட்கார்ந்திருப்பான். புரியாமல் உட்காருவதை அவளிடமிருந்து கற்றுக்கொள்வதாகச் சொல்வான். மறுபடி படிப்பில் சேரலாமா என்று ஒருமுறை கேட்டான், பதிலையும் அவனே சொன்னான். "நீ இந்தத் தாளைத் தாண்டு. டியூப்லைட் தாண்டினா புலிக்கு ரோஷம் வரும்" என்றான்.

கால்குலேட்டரை வாங்கிப்போன அந்தக் காலை அதற்கு அடுத்த மாதம்.

அன்று சாலையை அகலப்படுத்தும் இடத்தில், முக்காலிமேல் வைத்த கருவிக்குள் ஒரு கண்ணை வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தது. பக்கத்தில் ரோலர் ஓடிக்கொண்டிருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. லாரிக்காரருக்கு அவன் தெரியவில்லை. இதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவும் இல்லை.

அவனோடு வேலை பார்த்தவர் பையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். பையில் கீறல்கூட இல்லை. அம்மா அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அவன் தினமும் மாட்டுகிற அதே ஆணி. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் பை சுவரில் ஒருமுறை மோதும். வீட்டுக்குள் யாரோ வந்தது போலிருக்கும்.

தங்கை மறுபடி மேசைக்கு வர வெகுநாள் ஆயிற்று. வந்தபோதும் எதிர் நாற்காலியைப் பார்க்காமல் உட்காரப் பழகிக்கொண்டாள். கணக்குகளை எண் போடாமல் எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டாள். எண் போட்டால் கால்குலேட்டர் வேண்டும்.

பரீட்சையைத் தள்ளிப்போடலாம் என்று பேராசிரியை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தள்ளிப்போட்டால் வருடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "தள்ளவும் வேணாம், எழுதவும் வேணாம். விட்டுடு. இந்த வீட்டுல இனிமே யாரும் எதுலயும் தோக்கறதைப் பார்க்க என்னால முடியாது" என்றாள்.

"தோத்துடுவேன்னே முடிவு பண்ணிட்டியாம்மா?"

"புலியே..." என்று தொடங்கிய அம்மா அந்தச் சொல்லோடு நின்றுவிட்டாள். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பரீட்சை அன்று காலை இன்னொரு சங்கடம். கூடத்துக்குள் துறையின் முத்திரைச் சீட்டு ஒட்டிய கால்குலேட்டரைத்தான் அனுமதிப்பார்கள். வருடத் தொடக்கத்தில் ஒருமுறைதான் ஒட்டுவார்கள். முத்திரை ஒட்டிய அவளுடைய கால்குலேட்டர் அண்ணனின் அந்தப் பையில் இருந்தது. நாள்கணக்கில் தெரிந்த விஷயம்தான். கடைசிக் காலைவரை அதை யோசிக்காமல் ஒதுக்கியே வைத்திருந்தாள்.

ஆணிக்கு முன்னால் போய் நின்றாள். கை எழவில்லை. பின்னால் அம்மா வருவது கேட்டது. தடுக்கப்போகிறாள் என்று நினைத்தாள். அம்மா பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, உள்ளே பார்க்காமலே கையைவிட்டுத் துழாவினாள். கால்குலேட்டர் வந்தது. உறையின் மடிப்பில் காய்ந்த மண். அம்மா அதைத் துடைக்கப்போய், துடைக்காமல் நீட்டினாள்.

"போயிட்டு வா" என்றாள்.

கூடத்தில் பேராசிரியையே கண்காணிப்புக்கு நின்றார். மின்விசிறிகள் தாளைப் பறக்கவிடாத வேகத்தில் சுற்றின. முதல் கேள்வி கோள்களைப் பற்றியது. வெறும் பெருக்கல் வகுத்தல். கால்குலேட்டர் ஒழுங்காகச் சொன்னது. அவள் மூச்சு கொஞ்சம் சீரானது.

இரண்டாவது கேள்வி சுருள்வில்லில் மாட்டிய எடை. வலப்பக்கம் பத்து சென்டிமீட்டர் இழுத்து விடுகிறார்கள். அது இடமும் வலமுமாக ஆடும். ஒரு நொடியில் பத்தில் நாலு பங்கு கழிந்ததும் எங்கே இருக்கும்? அதை வைத்துத்தான் அடுத்த நான்கு பிரிவுகளும். முதல் விடை சறுக்கினால் எல்லாம் சறுக்கும்.

வழக்கம்போல் ஓரத்தில் படம் போட்டாள். எடை நடுவைத் தாண்டி இடப்பக்கம் ஒரு நூலிழை போயிருக்க வேண்டும். 'நடுவுக்கு மிக அருகே, இடம்' என்று பென்சிலில் எழுதிவைத்தாள். சமன்பாட்டை எழுதினாள். எண்களைத் தட்டினாள்.

ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது என்றது கால்குலேட்டர்.

அதாவது எடை அசையவே இல்லை. இழுத்து விட்ட இடத்திலேயே நிற்கிறது.

சமன்பாடு தப்பா? அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். அதே சமன்பாடுதான் வந்தது. விசையிலிருந்து தொடங்கி வரி வரியாக இழுத்துக்கொண்டு வந்தாள். அரைப் பக்கம் போயிற்று. மறுபடி தட்டினாள். ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது. பக்கத்து வரிசையில் யாரோ கூடுதல் தாள் கேட்டார்கள். கணக்கு உனக்குத் தானா வரலை. புலியே திரும்பி வந்த காடு. பென்சிலால் எழுதிய உத்தேசத்தை அழித்துவிடலாமா என்று ரப்பரை எடுத்தாள். கருவி பொய் சொல்லுமா? தான்தானே எப்போதும் தப்பு?

ரப்பர் தாளைத் தொட்டது. அழிக்கவில்லை. ஒண்ணுமே புரியாம எப்படிடீ இவ்ளோ நேரம் உட்கார முடியுது உனக்கு?

உட்கார்ந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, புரியாமலே உட்கார்ந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, போகட்டும் என்று விட்டாள். இழுத்து விட்ட எடை நிற்காது. எந்தக் கருவி சொன்னாலும் நிற்காது. படம் சரி. சமன்பாடு சரி. எண்கள் சரி. அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான்.

கண் மெல்லத் திரையின் மேல் ஓரத்துக்குப் போயிற்று.

D.

மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான். மாற்றவில்லை. மாற்றியிருப்பான், சாயங்காலம் வந்திருந்தால். இவ்வளவு நாளும் அந்தப் பைக்குள், அவன் கடைசியாக விரல் வைத்த இடத்திலேயே கருவி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்தான். பேராசிரியை பக்கத்தில் வந்து நின்றார். "உடம்பு சரியில்லையா? வெளியே போகணுமா?"

தலையை ஆட்டினாள். வேண்டாம்.

இரண்டே தட்டலில் R ஆகிவிடும். அதற்கப்புறம் பிள்ளை விளையாட்டு. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்தினால் அவன் வைத்துவிட்டுப் போனது போய்விடும். திரும்ப D என்று வைக்கலாம்தான், ஆனால் அது அவள் வைத்ததாக இருக்கும். அழுத்தாவிட்டால் ஒவ்வொரு கோணத்தையும் கையால் டிகிரிக்கு மாற்ற வேண்டும். நூற்றெண்பதால் பெருக்கி, π என்ற வட்டக் கணக்கு எண்ணால் வகுத்து, பிறகு தட்ட வேண்டும். ஏற்கெனவே போன நேரம் போனதுதான். இன்னும் மூன்று கேள்விகள். தோற்றால் எல்லாம் போய்விடும். யாரைக் கேட்டாலும் பைத்தியமா உனக்கு என்பார்கள். அவனைக் கேட்டால் அவன்தான் முதலில் சொல்வான்.

கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

சமன்பாட்டில் வந்த கோணம் ஒன்று புள்ளி ஆறு ரேடியன்; அதை நூற்றெண்பதால் பெருக்கி, π-ஆல் வகுத்தாள். தொண்ணூற்றொன்றரைக்குச் சற்று மேல். தட்டினாள். மைனஸ் விடை. நடுவிலிருந்து இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். நடுவுக்கு மிக அருகே, இடம்.

அதன்பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. பெருக்கு, வகு, தட்டு. மூன்றாம் கேள்வியில் ஒரு கோணம். நான்காம் கேள்வி முழுக்கக் கோணங்கள். சரம் சரமாக வந்தன. ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இழுப்பது அவளுக்குப் பழகிய வேலை. புலியாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. ஐந்தாம் கேள்வியில் பாதிதான் எழுதியிருந்தாள், மணி அடித்தது.

தாளை வாங்கிய பேராசிரியை அங்கேயே ஒரு பக்கத்தைப் புரட்டினார். புருவம் சுருங்கியது.

"எல்லாக் கோணத்தையும் கையால மாத்தியிருக்க. ஏன், பொத்தான் வேலை செய்யலையா?"

"செய்யும் மேடம்."

"அப்புறம்?"

"டிகிரியில எங்கண்ணன் வச்சது."

பேராசிரியை அவள் கையிலிருந்த கால்குலேட்டரைப் பார்த்தார். உறை மடிப்பில் இன்னும் மண் இருந்தது. அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

முடிவு வந்த நாளில் மறுபடி அதே அறை, அதே ஆடும் நாற்காலி. "தேறிட்ட" என்றார் பேராசிரியை. "விளிம்புல. நான் ஒரு மார்க்கும் சேர்த்துப் போடலை, தெரிஞ்சுக்கோ. ரெண்டாவது கேள்வியில ஓரத்துல எழுதியிருந்தியே, அதை வச்சுத்தான் தப்பைக் கண்டுபிடிச்சியா?"

"ஆமா மேடம்."

"ம்" என்றார். பிறகு, சண்டைக்கு வருவதுபோல, "போன தடவை நான் சொன்னதை மறந்துடு" என்றார்.

அம்மா கடையில் இருந்தாள். நீராவிக்கு நடுவே மகள் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகள் தலையசைத்தாள். அம்மாவுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அவன் இருந்திருந்தா என்னடீ சொல்லியிருப்பான்?"

"ஒருவழியா எரிஞ்சிடுச்சுன்னு சொல்லியிருப்பான்."

அம்மாதான் முதலில் சிரித்தாள். மகளுக்கு வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாக வந்தது. பிறகு இருவருமே முகத்தைக் கையால் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது அவள் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு அளவுகளைக் கணக்கிடும் வேலையில் இருக்கிறாள். அங்கே எல்லாவற்றையும் கணினியே போடுகிறது. அவள் மட்டும் அதற்கு முன்னால் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு உத்தேசம் எழுதிக்கொள்கிறாள். அதை ஒத்துப்பார்க்க மேசை இழுப்பறையிலிருந்து பழைய கால்குலேட்டரை எடுக்கிறாள். கோணம் வந்தால் நூற்றெண்பதால் பெருக்கி, π-ஆல் வகுத்துவிட்டுத் தட்டுகிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள், இதை மாத்தித் தரட்டுமா மேடம், ஒரு நிமிஷ வேலைதான் என்பார்கள். வேண்டாம் என்பாள்.

முத்திரைச் சீட்டு மங்கிவிட்டது. உறை கிழிந்து வேறு உறை போட்டாயிற்று. திரையின் மேல் ஓரத்தில், எறும்பளவு, D.